க்ளிக் சென்ஸில் இழுத்த தரவை க்யூவிடி கோப்பாகச் சேமிப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தரவை சார்ட்டுகளாகவும் டேஷ்போர்டுகளாகவும் காட்டும் மென்பொருளான க்ளிக் சென்ஸைப் பழகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் டேட்டாபேஸிலிருந்து நேராகத் தரவை இழுத்து, உடனே சார்ட் போட ஆரம்பிக்கிறார்கள். டேஷ்போர்டு ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை அதில் குறை தெரியாது. விற்பனைப் பிரிவுக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, மேலாளருக்கு ஒன்று என்று நான்கு ஆனதும் சிக்கல் வருகிறது. நான்கும் அதே பில் டேபிளை அதே டேட்டாபேஸிலிருந்து தனித்தனியாக இழுக்கும். கவுன்டரில் பில் போடுபவரின் திரை மந்தமாகும். நான்கும் வெவ்வேறு நேரத்தில் ரீலோடு ஆவதால் (அதாவது தரவை மறுபடி இழுப்பதால்) ஒரே நாள் விற்பனைக்கு நான்கு மொத்தம் வரும். எது சரி என்று கூட்டத்தில் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

இதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. டேட்டாபேஸிலிருந்து ஒரே ஒரு முறை இழுங்கள், இழுத்ததை மாற்றாமல் கோப்பாகச் சேமியுங்கள், மற்ற எல்லாவற்றையும் அந்தக் கோப்பிலிருந்து செய்யுங்கள். இந்தக் கட்டுரை க்யூவிடி என்ற அந்தக் கோப்பை எப்படி உருவாக்குவது, எப்படிச் சரிபார்ப்பது, எங்கே கவனமாக இருப்பது என்பதைப் பற்றியது. கட்டளைகளைப் படிக்க வசதியாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் லோடு, ஸ்டோர், ஃப்ரம் போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். டேபிள் பெயரும் ஃபீல்டு (நெடுவரிசை) பெயரும் தமிழில் இருந்தால் க்ளிக் அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

க்யூவிடி கோப்பு என்றால் என்ன

ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1993-இல் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய க்ளிக். அவர்களுடைய முதல் மென்பொருளான க்ளிக்வியூவுக்காக உருவான தரவுக் கோப்பு வகை க்யூவிடி. 2014-இல் க்ளிக் சென்ஸ் வந்த பிறகும் அதே கோப்பு வகை தொடர்ந்தது. க்ளிக்வியூவில் சேமித்த கோப்பை சென்ஸ் படிக்கும், சென்ஸில் சேமித்ததை க்ளிக்வியூ படிக்கும். ஒரு கோப்பில் ஒரே ஒரு டேபிள்தான் இருக்கும்.

இந்தக் கோப்பு ஏன் வேகமானது என்பதைப் புரிந்துகொண்டால், பின்னால் வரும் விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. கோப்புக்குள் மூன்று பகுதிகள் உண்டு. முதலில் எக்ஸ்எம்எல் தலைப்பு: டேபிள் பெயர், ஃபீல்டுகள், உருவான நேரம், எத்தனை ரெக்கார்டுகள் என்ற விவரங்கள். அடுத்தது ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு மதிப்புப் பட்டியல். எத்தனை முறை திரும்ப வந்தாலும் ஒரு மதிப்பு இந்தப் பட்டியலில் ஒரு தடவைதான் இருக்கும். மூன்றாவது பகுதியில் ஒவ்வொரு வரிசைக்கும் "பட்டியலில் எத்தனையாவது மதிப்பு" என்ற சிறு எண்கள் மட்டும் இருக்கும். ஒரு கோடி வரிசைகள் இருந்தாலும் மாதப் பெயர்கள் 12 தானே? ஒரு வரிசைக்கு 4 பிட் போதும். க்ளிக் தன் நினைவகத்திலும் கிட்டத்தட்ட இதே அமைப்பில்தான் தரவை வைத்துக்கொள்கிறது. அதனால் கோப்பைப் படிக்கும்போது பிரித்து அடுக்கும் வேலை இல்லை, அப்படியே தூக்கி வைத்துவிடலாம். மற்ற மூலங்களிலிருந்து படிப்பதைவிடப் பொதுவாக 10 முதல் 100 மடங்கு வேகம் என்று க்ளிக்கின் கையேடு சொல்வது இதனால்தான்.

முதலில் ஃபோல்டர்

தரவு வந்து சேரும் இடத்தை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள். ஸ்டோர் கட்டளை கோப்பை உருவாக்கும், ஆனால் இல்லாத ஃபோல்டரை உருவாக்காது. பாதையில் ஓர் எழுத்து தவறினாலும் ரீலோடு அங்கேயே நின்றுவிடும்.

குறைந்தது இரண்டு ஃபோல்டர்கள் வேண்டும். ஒன்றில் டேட்டாபேஸிலிருந்து வந்தபடியே உள்ள கச்சாத் தரவு. இன்னொன்றில் அதைச் சுத்தம் செய்து, கணக்கிட்டு, இணைத்த தரவு. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் ஆறு மாதம் கழித்து எந்தக் கோப்பு எது என்று யாருக்கும் தெரியாது.

க்ளிக் சென்ஸ் டெஸ்க்டாப்பில், ஸ்கிரிப்ட் (கட்டளைகளின் தொகுப்பு) எழுதும் இடமான டேட்டா லோடு எடிட்டரைத் திறந்து, புதிய இணைப்பு உருவாக்கும் பட்டனை அழுத்தி, வரும் பட்டியலில் ஃபோல்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபோல்டரின் பாதையைக் காட்டி, இணைப்புக்கு ஒரு பெயர் கொடுங்கள். "கச்சா" என்று பெயர் வைத்தால் ஸ்கிரிப்டில் அது லிப்://கச்சா என்று வரும். நாளைக்கு ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்றினால் இணைப்பில் மட்டும் பாதையைத் திருத்தினால் போதும். ஸ்கிரிப்டைத் தொட வேண்டாம்.

உங்கள் நிறுவனம் சர்வரில் இயங்கும் பதிப்பை வைத்திருந்தால் ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள்: நீங்கள் எழுதும் சி டிரைவ் சர்வரின் சி டிரைவ், உங்கள் லேப்டாப்புடையது இல்லை. கோப்பை எழுதுவதும் உங்கள் பெயரில் நடப்பதில்லை, க்ளிக் சர்வீஸ் எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்கில்தான் நடக்கும். உங்களால் திறக்க முடிகிற நெட்வொர்க் ஃபோல்டரில் ஸ்டோர் தோல்வியடைந்தால், அந்தக் கணக்குக்கு எழுதும் அனுமதி இருக்கிறதா என்று சர்வர் நிர்வாகியிடம் கேளுங்கள். க்ளிக் கிளவுடில் உள்ளூர் ஃபோல்டர் இணைப்பே கிடையாது. அங்கே டேட்டாஃபைல்ஸ் என்ற இடத்தில் சேமிக்க வேண்டும். மற்றபடி கட்டளை ஒன்றுதான்.

ஸ்கிரிப்ட்

இதற்கென்று தனியாக ஓர் ஆப் (ஸ்கிரிப்டும் சார்ட்டும் சேர்ந்த ஒரு க்ளிக் கோப்பு) உருவாக்குங்கள். அதில் சார்ட் எதுவும் வேண்டாம். டேட்டாபேஸிலிருந்து இழுத்துச் சேமிப்பது மட்டுமே அதன் வேலை. டேட்டாபேஸ் இணைப்பைத் தேர்ந்து, வேண்டிய டேபிளைச் சேர்த்தால் லோடும் செலக்டும் கொண்ட ஸ்கிரிப்டை எடிட்டரே எழுதித் தரும். அதன் தலையில் டேபிளுக்கு ஒரு பெயர் வைத்து, வாலில் இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும். மொத்தம் இப்படி இருக்கும்:

பில்_வரி:
லோடு வரி_எண், பில்_எண், பில்_தேதி, பொருள், அளவு, தொகை, திருத்திய_நேரம்;
எஸ்க்யூஎல் செலக்ட் … ஃப்ரம் … ;

ஸ்டோர் பில்_வரி இன்டூ [லிப்://கச்சா/பில்_வரி.க்யூவிடி] (க்யூவிடி);
டிராப் டேபிள் பில்_வரி;

முதல் வரியில் பெயரும் முக்காற்புள்ளியும். இந்தப் பெயரை வைத்துத்தான் ஸ்டோர் டேபிளைத் தேடும். கடைசியில் வளைவு அடைப்புக்குள் இருக்கும் க்யூவிடி என்பது கோப்பின் வகை. ஒவ்வொரு கட்டளையும் அரைப்புள்ளியில் முடிய வேண்டும்.

டிராப் டேபிள் எதற்கு என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கோப்பாகச் சேமித்த பிறகு அந்த டேபிள் நினைவகத்தில் இருக்கத் தேவையில்லை. இருந்தால் அடுத்து வரும் டேபிளில் இதே பெயருள்ள ஃபீல்டுகளோடு க்ளிக் தானாக இணைப்புப் போடும். ஒன்றுக்கு மேற்பட்ட ஃபீல்டுகள் பொருந்தினால் அவற்றைச் சேர்த்துச் சிந்தெடிக் கீ என்ற செயற்கை இணைப்பு உருவாகும், நினைவகம் வீங்கும். சேமித்ததும் டிராப் செய்வதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு தானியங்கிப் பழக்கமும் புதியவர்களைத் திணற வைக்கும். சென்ற ஆண்டு பில், இந்த ஆண்டு பில் என்று இரண்டு டேபிள்களை இழுக்கிறீர்கள், இரண்டிலும் அதே எண்ணிக்கையில் அதே ஃபீல்டுகள். முதல் டேபிள் இன்னும் நினைவகத்தில் இருந்தால், இரண்டாவதற்கு நீங்கள் கொடுத்த பெயரைக் க்ளிக் கண்டுகொள்ளாது. வரிசைகளை முதல் டேபிளோடு சேர்த்துவிடும். பிறகு இரண்டாவது டேபிளைச் சேமிக்கச் சொன்னால் "அப்படி ஒரு டேபிள் இல்லை" என்று பிழை காட்டும். முதல் டேபிளை உடனே டிராப் செய்திருந்தால் இது நடக்காது. டிராப் செய்ய முடியாத சூழலில் லோடுக்கு முன்னால் நோகன்கேட்டினேட் என்ற சொல்லைப் போடுங்கள்.

கச்சாக் கோப்பில் கணக்கு எதுவும் போடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஜிஎஸ்டி கழிப்பது, பொருள் வகை பிரிப்பது, பெயர்களை அழகாக்குவது எல்லாம் அடுத்த கட்டத்தில் நடக்கட்டும். கணக்கு முறை மாறும் நாளில், வந்தபடியே உள்ள தரவு கையில் இருந்தால் டேட்டாபேஸைத் தொந்தரவு செய்யாமல் சில நிமிடங்களில் மறுபடி கணக்கிடலாம். மொத்தம் பொருந்தவில்லை என்று யாராவது கேட்டாலும், தவறு மூலத்திலா உங்கள் கணக்கிலா என்பதைக் கச்சாக் கோப்பைப் பார்த்து உடனே சொல்லிவிடலாம். குறிப்பாக, மதிப்புகளுக்கு வரிசையாக எண் கொடுக்கும் ஆட்டோநம்பர் ஃபங்ஷனால் உருவாக்கிய கீயை (டேபிள்களை இணைக்கும் அடையாள எண்ணை) எந்தக் க்யூவிடியிலும் சேமிக்கக் கூடாது. அந்த எண்கள் ஒவ்வொரு ரீலோடிலும் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கும். இரண்டு வெவ்வேறு ஆப்களில் உருவான கோப்புகளை அந்தக் கீயை வைத்து இணைத்தால் ஒருவரின் பில் இன்னொருவரின் பெயரில் போய் நிற்கும். பிழைச் செய்தியும் வராது.

பழைய கோப்பை அழித்துவிடும் ஆபத்து

அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால், ஸ்டோர் கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும். தினமும் ரீலோடு செய்ய இது வசதிதான். ஆனால் டேட்டாபேஸ் பக்கம் ஏதோ கோளாறால் ஒரு வரிசைகூட வராத நாளில், நேற்றுவரை நன்றாக இருந்த கோப்பும் காலியாகிவிடும். எனவே ஸ்டோருக்கு முன்னால் ஒரு சோதனை வையுங்கள்:

இஃப் நோஆஃப்ரோஸ்('பில்_வரி') > 0 தென்
ஸ்டோர் … ;
எண்ட் இஃப்

எர்ரர்மோட் என்ற மாறி இயல்பாக 1 என்று இருக்கும். அப்போது பிழை வந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும், ஸ்டோர் வரை போகாது. அதை 0 என்று மாற்றினால் பிழையைத் தாண்டிக்கொண்டு ஓடும். சேமிக்கும் ஆப்பில் அதை மாற்றவே வேண்டாம்.

இதே வகையில் இன்னொன்று டீபக் வசதியிலும் உண்டு. ஸ்கிரிப்டைச் சோதிக்க ஒவ்வொரு டேபிளிலும் 10 வரிசை மட்டும் எடு என்று அதில் சொல்லலாம். நல்ல வசதிதான், ஆனால் ஸ்டோர் கட்டளையும் சேர்ந்தே ஓடும். 80 லட்சம் வரிசை இருந்த கோப்பின்மேல் 10 வரிசைக் கோப்பு எழுதப்படும். சோதிக்கும் நேரத்தில் ஸ்டோர் வரியின் முன்னால் இரண்டு சாய்கோடுகள் போட்டு அதை முடக்கிவையுங்கள், அல்லது சோதனைக்கென்று வேறு ஃபோல்டரைக் காட்டுங்கள்.

சரியாகச் சேமித்திருக்கிறதா

ரீலோடு முடிந்தது என்று பச்சை டிக் வந்தால் மட்டும் போதாது. டேட்டாபேஸில் ஒரு கவுன்ட் எடுத்து, கோப்பில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். கோப்பின் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள அதை லோடு செய்ய வேண்டியதில்லை. க்யூவிடிநோஆஃப்ரெக்கார்ட்ஸ் என்ற ஃபங்ஷன் தலைப்பிலிருந்தே படித்துச் சொல்லும். க்யூவிடிகிரியேட்டைம் கோப்பு உருவான நேரத்தைத் தரும், கோப்பே இல்லையென்றால் நல் (மதிப்பு எதுவும் இல்லை) என்று தரும். டேஷ்போர்டின் மூலையில் "தரவு இந்த நேரம் வரை" என்று காட்ட இந்த நேரத்தைப் பயன்படுத்தலாம். பார்ப்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஒரு தொகை ஃபீல்டின் கூட்டலையும் இரண்டு பக்கமும் ஒப்பிட்டுவிட்டால் நிம்மதி.

கோப்பிலிருந்து படிக்கும்போது

படிப்பதில் இரண்டு வேகங்கள் உண்டு. ஃபீல்டுகளை மாற்றாமல் அப்படியே எடுத்தால், முன்னால் சொன்னபடி தூக்கி வைக்கும் முறை. ரீலோடு ஓடும்போது அந்த டேபிளின் பக்கத்தில் ஆப்டிமைஸ்டு என்ற சொல் தெரியும். லோடு வரியிலேயே ஒரு கணக்குப் போட்டாலோ, புதிதாக ஃபீல்டு சேர்த்தாலோ, எந்த வரிசைகள் வேண்டும் என்று சொல்லும் சாதாரண வேர் நிபந்தனை வைத்தாலோ, க்ளிக் ஒவ்வொரு வரிசையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேகம் குறையும். சில ஃபீல்டுகளை மட்டும் எடுப்பதும், பெயரை மாற்றுவதும் வேகத்தைக் கெடுக்காது.

அப்படியென்றால் குறிப்பிட்ட இரண்டு ஆண்டுகள் மட்டும் வேண்டும் என்றால் என்ன செய்வது? ஒரு மதிப்பு ஏற்கெனவே லோடு ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸிஸ்ட்ஸ் ஃபங்ஷனை ஒரே ஒரு ஃபீல்டோடு பயன்படுத்தினால் வேகம் அப்படியே இருக்கும். அடுத்த கட்டத்தில் ஆண்டு என்ற ஃபீல்டைக் கணக்கிட்டுச் சேமித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டேஷ்போர்டு ஆப்பில் முதலில் ஆண்டு என்ற ஒரே ஃபீல்டில் 2024, 2025 என்று இரண்டே வரிசை கொண்ட தற்காலிக டேபிள் போடுங்கள். அப்புறம் க்யூவிடியை "வேர் எக்ஸிஸ்ட்ஸ்(ஆண்டு)" என்ற நிபந்தனையோடு படியுங்கள். கடைசியில் தற்காலிக டேபிளை டிராப் செய்யுங்கள்.

எல்லா இடத்திலும் ஆப்டிமைஸ்டு வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சில ஆயிரம் வரிசை உள்ள பொருள் பட்டியலுக்கு அந்தக் கவலையே வேண்டாம். டேஷ்போர்டு ஆப்பில் பெரிய டேபிள்கள் அப்படி வந்தால் போதும். கணக்குப் போட வேண்டிய இடம், கச்சாக் கோப்பைப் படித்துச் சுத்தம் செய்து இரண்டாவது ஃபோல்டரில் சேமிக்கும், நடுவில் உள்ள ஆப். அங்கே ஒரு முறை மெதுவாக ஓடினால் பரவாயில்லை. பில் நேரம் நொடிவரை பதிவாகியிருந்தால், அந்த நடு ஆப்பில் ஃப்ளோர் கொண்டு தேதியையும் ஃபிராக் கொண்டு நேரத்தையும் தனித்தனி ஃபீல்டுகளாகப் பிரித்துவிடுங்கள். மூன்று ஆண்டுத் தேதிகள் 1,096-ஐத் தாண்டாது, ஒரு நாளில் 86,400 நொடிகள்தான். சேர்ந்தே இருந்தால் ஏறத்தாழ ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு புது மதிப்பு. மதிப்புப் பட்டியல் சுருங்கினால் கோப்பும் சுருங்கும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

புதியதை மட்டும் இழுப்பது

க்யூவிடியின் உண்மையான பயன் இங்கேதான். ஐந்து ஆண்டு பில்லைத் தினமும் முழுதாக இழுக்கத் தேவையில்லை. நேற்றுக்குப் பிறகு சேர்ந்ததையும் மாறியதையும் மட்டும் டேட்டாபேஸிடம் கேட்டு, மிச்சத்தைப் பழைய கோப்பிலிருந்து எடுத்து, இரண்டையும் சேர்த்து மறுபடி சேமிக்கலாம். இதற்கு டேட்டாபேஸ் டேபிளில் இரண்டு ஃபீல்டுகள் வேண்டும்: ஒவ்வொரு வரிசைக்கும் தனித்த ஒரு கீ, கடைசியாகத் திருத்திய நேரம்.

வரிசைமுறை முக்கியம். முதலில் டேட்டாபேஸிலிருந்து திருத்திய நேரத்தை வைத்துப் புதியவை. அடுத்து,

கன்கேட்டினேட்(பில்_வரி) லோடு * ஃப்ரம் [லிப்://கச்சா/பில்_வரி.க்யூவிடி] (க்யூவிடி) வேர் நாட் எக்ஸிஸ்ட்ஸ்(வரி_எண்);

புதியவை ஏற்கெனவே உள்ளே இருப்பதால், திருத்தப்பட்ட வரிசையின் பழைய வடிவம் கோப்பிலிருந்து வராது. இந்த வரிசைமுறையை மாற்றிப் போட்டால் பழையதும் புதியதும் இரண்டும் தங்கி, தொகை இரட்டிக்கும்.

கீயைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். இந்த டேபிளில் ஒரு பில்லுக்குப் பல வரிகள் உண்டு. வரி_எண்ணுக்குப் பதில் பில்_எண்ணைக் கீயாக வைத்தால், ஐந்து பொருள் உள்ள பில்லில் ஒரு பொருளின் அளவைத் திருத்தினால் போதும். அந்த ஒரு வரி மட்டும் டேட்டாபேஸிலிருந்து வரும். பில் எண் ஏற்கெனவே இருக்கிறது என்று கோப்பிலுள்ள மற்ற நான்கும் ஒதுக்கப்படும். விற்பனை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும், எங்கே கரைகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

கடைசியாக எதுவரை இழுத்தோம் என்பதை ஒரே வரிசை கொண்ட சிறு க்யூவிடியில் வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த முறை. முக்கியக் கோப்பு சேமிக்கப்பட்ட பிறகே இதைச் சேமிக்க வேண்டும். அடுத்த முறை அந்த நேரத்திலிருந்து சரியாகத் தொடங்காமல், ஒரு மணி நேரம் பின்னால் போய்த் தொடங்குங்கள். தாமதமாகப் பதிவாகும் பில்கள் தப்பாமல் வரும். இரண்டு முறை வந்தவற்றை நாட் எக்ஸிஸ்ட்ஸ் கவனித்துக்கொள்ளும். முதல் நாள் கோப்பே இருக்காது என்பதால் க்யூவிடிகிரியேட்டைம் நல் தந்தால் முழுதாக இழு என்று ஒரு கிளை எழுதிவிடுங்கள்.

அழிக்கப்பட்ட வரிசைகள் இந்த முறையில் கோப்பில் தங்கிவிடும். அதற்கு, டேட்டாபேஸிலிருந்து கீயை மட்டும் முழுதாக இழுத்து, இரண்டிலும் உள்ள வரிசைகளை மட்டும் தங்க வைக்கும் இன்னர் ஜாயின் போட வேண்டும். அதைச் செய்யும் முன், மூல மென்பொருளில் பில்லை உண்மையிலேயே அழிக்கிறார்களா, ரத்து என்று குறியிட்டு வைக்கிறார்களா என்று கேளுங்கள். குறியிடுபவர்கள் என்றால் திருத்திய நேரமே போதும், இந்த வேலை மிச்சம்.

எக்ஸெல்காரர்களுக்கு

க்யூவிடியை எக்ஸெல் திறக்காது. தரவை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டுமென்றால் அதே ஸ்டோர் கட்டளையில் கோப்பின் பெயரைச் சிஎஸ்வி என்று முடித்து, அடைப்புக்குள் டிஎக்ஸ்டி என்று எழுதுங்கள். காற்புள்ளியால் பிரித்த யூடிஎஃப்-8 கோப்பு கிடைக்கும். புதிய பதிப்புகளில் பார்கே என்ற கோப்பு வடிவமும் உண்டு. பைத்தான் பக்கம் வேலை செய்பவர்களுக்கு அது நல்லது. சிஎஸ்வியில் தேதி வெறும் எழுத்தாகப் போகும் என்பதை நினைவில் வையுங்கள். க்யூவிடியில் எண்ணும் அதன் தோற்றமும் இரண்டும் தங்கும். தமிழ்ப் பெயர்கள் எக்ஸெலில் சிதைந்து தெரிந்தால், கோப்பை இருமுறை தட்டித் திறக்காமல், டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் கோப்பிலிருந்து எடுக்கும் வழியில் போய், எழுத்துக் குறியீட்டில் 65001 (யூடிஎஃப்-8) என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கோப்பு யார் கையில்

டேஷ்போர்டில் செக்‌ஷன் ஆக்சஸ் போட்டு, யார் எந்தக் கிளையின் தரவைப் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தியிருப்பீர்கள். அந்தக் கட்டுப்பாடு ஆப்புக்குத்தான், க்யூவிடிக்கு இல்லை. ஃபோல்டரைத் திறக்க முடிகிற எவரும் கோப்பைத் தன் ஆப்பில் லோடு செய்து முழுதாகப் பார்க்கலாம். ஆகவே ஃபோல்டரின் அனுமதியை இரண்டு மூன்று பேருக்குள் நிறுத்துங்கள். வாடிக்கையாளரின் கைபேசி எண், வீட்டு முகவரி, சம்பளம் போன்றவை எந்தச் சார்ட்டிலும் வரப்போவதில்லை என்றால் செலக்ட் வரியிலேயே அவற்றை விட்டுவிடுங்கள். வந்தபடியே சேமிக்க வேண்டும் என்றேன், கண்ணில் பட்ட எல்லா ஃபீல்டையும் இழுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. லேப்டாப்பில் டெஸ்க்டாப் பதிப்பை வைத்துப் பழகுபவர்கள், வேலை முடிந்ததும் அலுவலகத் தரவுள்ள க்யூவிடி கோப்புகளை அழித்துவிடுங்கள். ரீசைக்கிள் பின்னில் இருப்பதையும் சேர்த்து.